மெயிலுக்குப் பூட்டு கட்டாயம்தான், ஆனால் பூட்டுமுன் வெளியே யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்

ஜவ்வாது மலைக்கும் மெயில் சர்வருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது.

காவலூர் தொலைநோக்கி நிற்கும் மலை என்றால் எல்லோருக்கும் தெரியும். அதே மலையில்தான் ஜமுனாமரத்தூரும் இருக்கிறது. அங்கே ஒருவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, கீழே ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வங்கி பாஸ்புக்கின் முதல் பக்கம், இந்த நான்கையும் ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பு என்கிறார்கள். அவரும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அனுப்பிவிடுகிறார்.

ஒரு மனிதருடைய மொத்த அடையாளமும் நாலு பக்கத்தில் கிளம்பிவிட்டது. அது வழியில் பூட்டோடு போகுமா, திறந்தபடி போகுமா? இதை அனுப்பியவர் முடிவு செய்ய முடியாது. அவர் ஜிமெயிலில் இருந்தே அனுப்பினாலும், வாங்கிக்கொள்ளும் கம்பெனியின் சர்வர் "எனக்குப் பூட்டுத் தெரியாது" என்று சொன்னால் ஜிமெயிலும் சாதாரணமாகத் திறந்தபடியே கொடுத்துவிட்டுப் போகும். ஆக, மலையில் இருப்பவரின் ஆதார் எண் பத்திரமா என்பதை முடிவு செய்வது ஆம்பூரில் ஏதோ ஒரு ரேக்கில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்.

அதனால்தான் கட்டாய மறையாக்கம் (மக்கள் பாஷையில் என்கிரிப்ஷன்) பற்றி எழுதலாம் என்று தோன்றியது. கட்டாயம் வேண்டுமா? வேண்டும். ஒரே நாளில் ஸ்விட்சைத் தட்டிப் போட வேண்டுமா? கூடவே கூடாது. இவ்வளவுதான் என் கட்சி. இனி விளக்கம்.

முதலில் கொஞ்சம் அடிப்படை

மெயில் ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குப் போக உதவும் எஸ்.எம்.டி.பி. என்ற நெறிமுறை 1982ல் எழுதப்பட்டது. அப்போது இணையத்தில் இருந்தவர்கள் சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். ஒருவரை ஒருவர் தெரியும். அதனால் பூட்டு என்ற யோசனையே அதில் இல்லை. அந்த மெயில், தபால்கார்டு மாதிரி. வழியில் யார் கையில் கிடைத்தாலும் படிக்கலாம்.

1999ல் இதற்கு ஒரு ஒட்டுப் போட்டார்கள். அதன் பெயர் ஸ்டார்ட்-டி.எல்.எஸ். இரண்டு சர்வர்கள் பேச ஆரம்பிக்கும்போது, "எனக்கு டி.எல்.எஸ். தெரியும்" என்று ஒன்று சொல்லும். "அப்படியானால் பூட்டிக்கொண்டு பேசுவோம்" என்று மற்றது சொல்லும். இது தபால்கார்டை அரக்கு முத்திரை வைத்த சாக்குப்பையில் போட்டு அனுப்புவது போல. ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் வரை பை மூடியிருக்கும். போளூரில் பையைப் பிரித்தால் உள்ளே தபால்கார்டு தபால்கார்டாகத்தான் இருக்கும். அதாவது வழிக்குத்தான் பாதுகாப்பு, அஞ்சலகத்துக்குள்ளே இல்லை. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

அப்புறம் என்ன பிரச்சினை?

பிரச்சினை, அது "முடிந்தால் பூட்டு" என்ற ரகம். எதிர் சர்வர் டி.எல்.எஸ். தெரியும் என்று சொல்லாவிட்டால் பேசாமல் திறந்தபடி அனுப்பிவிடும். யாருக்கும் தகவல் வராது. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. நடுவில் இருக்கும் ஒரு கருவி, "டி.எல்.எஸ். தெரியும்" என்ற அந்த ஒரு வரியை மட்டும் அழித்துவிட்டால் போதும். இரண்டு பக்கமும் மற்றவருக்குப் பூட்டுத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு திறந்தபடி பேசும்.

இது கற்பனை இல்லை. 2015ல் மிச்சிகன் பல்கலைக்கழகமும் கூகுளும் மற்றவர்களும் சேர்ந்து செய்த ஆய்வில், துனிசியாவிலிருந்து ஜிமெயிலுக்கு வந்த மெயில்களில் 96 சதவீதத்துக்கு மேல் இப்படி வரி அழிக்கப்பட்டு வந்தது தெரிந்தது. நம் பக்கத்து நேபாளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல்.

இன்னொன்றும் உண்டு. வழக்கமான அமைப்பில், எதிர் சர்வர் காட்டும் சான்றிதழ் உண்மையானதா என்று மெயில் சர்வர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. பூட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். யாருடைய பூட்டு என்று கேட்காது.

அதனால் "முடிந்தால்" போதாது, "கட்டாயம்" வேண்டும் என்ற நிலை வந்தது.

யார் யார் கட்டாயமாக்கினார்கள்?

2014ல் கூகுள் ஒரு கணக்கு வெளியிட்டது. ஜிமெயிலுக்கும் மற்ற சேவைகளுக்கும் இடையே போகும் மெயிலில் 40 முதல் 50 சதவீதம் வரை பூட்டில்லாமல் போகிறது என்றது. அதே 2014ல் ஜெர்மனியின் பெரிய மெயில் நிறுவனங்கள் (ஜி.எம்.எக்ஸ்., வெப்.டி.இ., டாய்ச் டெலிகாம் போன்றவை) கூட்டாக, பூட்டில்லாமல் இனி யாரும் எங்கள் சர்வரில் மெயில் எடுக்கவோ அனுப்பவோ முடியாது என்று அறிவித்தன. பழைய அமைப்பு வைத்திருந்தவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. 2016 பிப்ரவரியில் ஜிமெயில், பூட்டில்லாத மெயிலுக்குத் திறந்த சிவப்புப் பூட்டுப் படம் காட்ட ஆரம்பித்தது. 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதிகளில், ஜிமெயிலுக்கு அனுப்புகிற எல்லோரும் டி.எல்.எஸ். இணைப்பில்தான் அனுப்ப வேண்டும் என்பதையும் சேர்த்துவிட்டார்கள்.

நம் நாட்டுக் கதை வேறு மாதிரி. ஒரு காலத்தில் இணைய சேவை நிறுவனங்களுக்குக் கொடுத்த உரிமத்தில், அனுமதி வாங்காமல் 40 பிட் சாவி வரைதான் பயன்படுத்தலாம் என்றிருந்தது. 2001ல் ரிசர்வ் வங்கி, இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் வேண்டும் என்றது. ஒரு துறை இதற்குமேல் பூட்டாதே என்கிறது, இன்னொரு துறை இதற்குக் கீழே பூட்டாதே என்கிறது :-)

2015 செப்டம்பரில் தேசிய மறையாக்கக் கொள்கை என்று ஒரு வரைவு வந்தது. அதில் பொதுமக்கள்கூட தாங்கள் மறையாக்கம் செய்து அனுப்பியதன் திறந்த வடிவத்தை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்றிருந்தது. பெரிய எதிர்ப்பு. இரண்டொரு நாளில் வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

இப்போது காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. 2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. தனிநபர் தரவை வைத்திருப்பவர் எடுக்க வேண்டிய பாதுகாப்பு நடவடிக்கைகளில் மறையாக்கத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். நியாயமான பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம், அதாவது 2027 மே வாக்கில் அமலுக்கு வரும். சட்டம் டி.எல்.எஸ். என்று சொல்லவில்லைதான். ஆனால் வேலைக்கு விண்ணப்பித்தவரின் ஆதார் நகலைத் திறந்த வழியில் வாங்கிவிட்டு "நியாயமான பாதுகாப்பு செய்தேன்" என்று எந்த முகத்தோடு சொல்வது?

தோல், காலணி ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. வாங்குபவர்களில் பலர் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். அங்கே 2018 மே மாதத்திலிருந்து தரவுப் பாதுகாப்பு விதி கடுமையாக இருக்கிறது. அவர்கள் சர்வர் கட்டாயம் என்று மாறினால், இவர்கள் அனுப்பும் இன்வாய்ஸ் போய்ச் சேராது.

மூன்று கதவுகள்

"கட்டாய மறையாக்கம்" என்று ஒரே வார்த்தையில் சொல்வதால்தான் குழப்பம் என்பது என் கருத்து. ஒரு கம்பெனி மெயில் சர்வருக்கு மூன்று கதவுகள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே விதி போடக்கூடாது.

1) உள்கதவு. ஊழியர்களின் கணினி, கைபேசி, அலுவலகக் கருவிகள் ஆகியவை சர்வரோடு பேசும் வழி. இதில் கடவுச்சொல்லும் சேர்ந்து போகிறது. இங்கே கட்டாயம் போட யோசிக்கவே வேண்டாம். அனுப்ப 465 அல்லது 587, எடுக்க 993 அல்லது 995 என்ற போர்ட்டுகள், டி.எல்.எஸ். 1.2 அல்லது 1.3. பழைய 1.0, 1.1 இரண்டும் 2021லேயே கைவிடப்பட்டவை.

ஆனால் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். ஊழியர்களின் கணினியில் பிரச்சினை வராது. ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் பழைய ஜெராக்ஸ் மெஷின், கைரேகை வருகைப் பதிவுக் கருவி, சி.சி.டி.வி. ரெக்கார்டர், பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதிக்கொடுத்த சம்பளப் பட்டியல் மென்பொருள், இவற்றில்தான் வரும். இவையெல்லாம் மெயில் அனுப்புகின்றன என்பதே பாதி பேருக்கு நினைவிருக்காது. ஸ்விட்சைத் தட்டிய அன்றைக்கு சம்பளச் சீட்டு போகாது. மேலாளர் கத்துவார். பயந்துபோய் மொத்தக் கட்டாயத்தையும் எடுத்துவிடுவார்கள். அதோடு அந்தத் திட்டம் செத்தது.

இதற்கு வழி, அந்தப் பழைய கருவிகளுக்கு மட்டும் அலுவலக வலைக்குள்ளேயே ஒரு சிறிய இடைச் சர்வர். குறிப்பிட்ட ஐ.பி. முகவரிகளிடமிருந்து மட்டும் வாங்கிக்கொண்டு, மெயில் சர்வருக்குப் பூட்டோடு கொடுக்கும். ஒரு பழைய கணினியும் லினக்சும் போதும். ஒரு மெஷினுக்காக எல்லோருடைய கதவையும் திறந்து வைக்க வேண்டியதில்லை.

2) வெளியே போகும் கதவு. இங்கே யாருக்கு அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்து. வங்கி, ஆடிட்டர், வெளிநாட்டு வாடிக்கையாளர், இவர்களுக்குப் போகும் மெயிலுக்குப் பூட்டும் கட்டாயம், சான்றிதழ் சரிபார்ப்பும் கட்டாயம். மற்றவர்களுக்கு இப்போதைக்கு "முடிந்தால்" போதும். ஆனால் எதிர்ப்பக்கம் "எனக்குப் பூட்டோடுதான் அனுப்ப வேண்டும்" என்று அறிவித்திருந்தால் அதை மதிக்க வேண்டும். அப்படி அறிவிக்க இரண்டு வழிகள்: 2015ல் வந்த டேன், 2018ல் வந்த எம்.டி.ஏ.-எஸ்.டி.எஸ்.

ஒரு எச்சரிக்கை. கட்டாயம் போட்டபின் எதிர் சர்வருக்கு டி.எல்.எஸ். தெரியாவிட்டால் மெயில் வரிசையில் நின்றுவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் சர்வரை வந்தபடியே விட்டால், 5 நாள் முயன்று பார்த்துவிட்டுத்தான் திரும்பி வரும். நடுவில் தாமதம் என்று ஒரு தகவலும் அனுப்பியவருக்கு வராது. டெண்டருக்குக் கடைசி நாள் நாளைக்கு என்றால் கதை கந்தல். நான்கு மணி நேரத்தில் தாமத அறிவிப்பு போகும்படி முதலிலேயே மாற்றிவிடுங்கள்.

3) உள்ளே வரும் கதவு. இதுதான் சிக்கல். ஊர் உலகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து தட்டும் போர்ட் 25. இங்கே கட்டாயம் போட்டால், பூட்டுத் தெரியாத சர்வரிலிருந்து வரும் மெயில் முகத்திலடித்தாற்போல் திருப்பி அனுப்பப்படும். அனுப்பியவருக்கு 530 என்று எண் போட்டு ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். கணினி படிக்கும் நமக்கே அதைப் பார்த்தால் தலை சுற்றும். பொதுவில் இயங்கும் சர்வர் வரும் மெயிலுக்கு டி.எல்.எஸ்.ஸைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2002ல் எழுதிய நெறிமுறையே சொல்கிறது.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? இல்லை. நல்ல சான்றிதழ் போட்டு, எம்.டி.ஏ.-எஸ்.டி.எஸ். அறிவிப்பு வைத்தால், பூட்டத் தெரிந்த பெரிய சர்வர்கள் ஏமாந்துபோய்த் திறந்தபடி தருவது நிற்கும். ஜிமெயில் 2019லிருந்தே இதை மதிக்கிறது. துனிசியா வித்தை இங்கே பலிக்காது. இந்த அறிவிப்பில் "சோதனை" என்று ஒரு நிலை இருக்கிறது. அதில் எந்த மெயிலும் நிற்காது, எங்கே தவறியது என்று அறிக்கை மட்டும் வரும். ஒன்றிரண்டு மாதம் அறிக்கையைப் பார்த்துவிட்டு "கட்டாயம்" நிலைக்கு மாற்றலாம்.

ஆரம்பிக்க வேண்டியது எங்கே?

பலர் சான்றிதழ் வாங்குவதில் ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் லாக்கில் ஆரம்பிக்க வேண்டும். ஒரு மாதம், உள்ளேயும் வெளியேயும் எந்த இணைப்பு பூட்டோடு வந்தது, எது திறந்தபடி வந்தது, எந்த டி.எல்.எஸ். பதிப்பு என்று எழுதி வையுங்கள். ஒரு மாதம் ஏன் என்றால், சம்பளமும் மாதக் கணக்கும் ஒரு முறையாவது அதற்குள் வந்துவிடும். பிறகு திறந்தபடி வந்தவற்றை மட்டும் பிரித்து ஒரு பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியல்தான் வேலைத்திட்டம்.

பட்டியலில் ஒரு கருவி இருந்தால் மாற்றலாம். ஒரு வியாபாரி இருந்தால் போன் போடலாம். மலைமேல் ஒரு பள்ளியோ, கூட்டுறவுச் சங்கமோ, சின்ன ஹோஸ்டிங்கில் மெயில் வைத்திருக்கும் தொண்டு நிறுவனமோ இருந்தால்? அவர்களுக்கும் தமிழில் நாலு வரி எழுதி, தேதி சொல்லி, யாரைக் கேட்க வேண்டும் என்று எண்ணும் கொடுத்து, மூன்று மாதம் பொறுக்க வேண்டும். ஜெர்மன் நிறுவனங்களும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கதவை அடைத்தன. ஐரோப்பிய வாடிக்கையாளர் மாறச் சொன்னால் ஓடி ஓடி மாற்றும் கம்பெனி, புதூர்நாட்டிலிருந்து வரும் ஒரு மெயிலுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கக்கூடாதா?

சான்றிதழ் செலவு பற்றிக் கவலை வேண்டாம். லெட்ஸ் என்கிரிப்ட் பல வருடங்களாக இலவசமாகத் தருகிறது. 90 நாளில் காலாவதி ஆகும் என்பதால் தானாகப் புதுப்பிக்கும்படி அமைக்க வேண்டும். காலாவதி நினைவூட்டல் மெயில் அனுப்புவதை 2025 ஜூனில் அவர்கள் நிறுத்திவிட்டார்கள், எனவே நாம்தான் கண்காணிக்க வேண்டும். எந்த நிறுவனத்தின் சான்றிதழாக இருந்தாலும் 2029 மார்ச்சிலிருந்து 47 நாள்தான் ஆயுள் என்று முடிவாகிவிட்டது. கையால் புதுப்பிக்கும் வேலை இனி நடக்காது.

சில கேள்விகள் வரும், தெரியும்

"எங்களிடம் சர்வரே இல்லை, ஜோஹோவிலோ கூகுளிலோ வாடகைக்கு இருக்கிறோம்." நல்லது, பாதி வேலை முடிந்தது. மத்திய அரசின் சுமார் 12 லட்சம் ஊழியர்களின் மெயிலே ஜோஹோ தளத்துக்குப் போய்விட்டதாக 2025 அக்டோபரில் செய்தி வந்தது. ஆனால் எம்.டி.ஏ.-எஸ்.டி.எஸ். அறிவிப்பு உங்கள் டொமைனில் நீங்கள் வைக்க வேண்டியது. பழைய ஜெராக்ஸ் மெஷினும் உங்களுடையதுதான்.

"டி.எல்.எஸ். போட்டால் மெயில் மோசடி நிற்குமா?" நிற்காது. வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த எண்ணுக்குப் பணம் போடு என்று வரும் பொய் மெயிலும் பூட்டோடுதான் வரும். அதைப் பிடிக்க எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் என்று வேறு சமாச்சாரங்கள் இருக்கின்றன. தவிர ஒரு போன் போட்டுக் கேட்கும் பழக்கமும் வேண்டும்.

"அப்படியானால் ஆதார் பத்திரமாகிவிடுமா?" சாக்குப்பைக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் பத்திரம். சர்வரில் வந்து சேர்ந்தபின் அது யார் யார் இன்பாக்சில் எத்தனை வருடம் கிடக்கிறது என்பது தனிக் கேள்வி. விண்ணப்ப ஆவணங்களை மெயிலில் கேட்பதையே நிறுத்திவிட்டு, பூட்டுள்ள ஒரு இணையப் படிவத்தில் வாங்குவது நல்லது. ஆதார் கேட்டே ஆக வேண்டும் என்றால் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் நகல் போதும், அதை ஆதார் ஆணையமே தருகிறது.

கட்டாயம் என்பது பலசாலி பலவீனனிடம் சொல்லும் வார்த்தையாக ஆகிவிடக்கூடாது என்பதுதான் என் கவலை. பெரிய நிறுவனங்கள் எல்லாம் பூட்டிக்கொண்டபின் திறந்து கிடக்கப் போவது சின்ன கம்பெனிகளின் சர்வர்கள். அதில் போய் விழுவது வேலை தேடுகிறவர்களின் காகிதங்கள். பூட்டுப் போடாமல் விடுவது அவர்களுக்குச் செய்யும் துரோகம். சொல்லாமல் பூட்டிவிட்டு, விண்ணப்பம் வரவில்லை என்று சொல்வதும் துரோகம்தான்.

கம்பெனியில் சிஸ்டம் அட்மினாக இருக்கும் சீனியர்கள் யாராவது இதைப் படித்தால், நாளைக்கு ஒரே ஒரு வேலை செய்யுங்கள். டி.எல்.எஸ். விவரம் லாக்கில் பதிவாகிறதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால் அந்த ஒரு வரியைப் போட்டுவிடுங்கள். மீதியை அடுத்த மாதம் அந்தப் பட்டியலே சொல்லும்.